யாரோ நினைக்காக

"என் வீட்டுக்காரர அன்னைக்கு மத்தியானம் யாரோ நினைச்சிருக்காக. அது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

வந்ததும் வராததுமாக அந்த அம்மாள் கேட்டது இதுதான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

வடிவம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உக்காருங்கக்கா."

அக்கா என்றது நியாயம்தான். வந்தவருக்கு அறுபதை ஒட்டிய வயது. வடிவம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. எங்கள் மடத்தில் நரைத்தவன் நான் ஒருவன்தான். ஊரில் என்னை வடிவம்மாவின் சீடன் என்பார்கள். நானும் கூச்சமில்லாமல் அப்படியே சொல்லிக்கொள்வேன். பார்த்த வேலை என்னவோ தண்ணீர் இறைப்பதும் பாத்திரம் விளக்குவதும்தான்.

"உக்கார வரல. பதில் கேக்க வந்தேன்."

"எந்த வீட்டுக்காரர்?"

"கண்டக்டரு. இந்த மடத்துக்கு வார பஸ்ஸுல இருந்தாகளே, அவுக."

விளக்கிக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

கோமதிநாயகம். மலையடிவாரத்தில், எங்கள் மடத்து வாசலில்தான் அந்த பஸ் வந்து திரும்பும். அது திரும்புவதற்குள் ஓடி வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பார். என்னைக் கண்டுவிட்டால் சும்மா போகமாட்டார்.

"என்ன சாமியாரே, ஞானம் வந்துட்டா?"

"இன்னும் வரலையே."

"சரி விடும். அடுத்த ட்ரிப்புல வந்துரும்."

விசிலை ஊதிக்கொண்டே போய்விடுவார். வருஷக்கணக்கில் இதே கேலி. எனக்கும் அது வேண்டியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒருநாள் வேறொரு கண்டக்டர் வந்தார். லீவாயிருக்கும் என்று இருந்துவிட்டேன். மறுநாளும் அவரே வந்தார். அப்போதும் யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

"செத்துட்டாரா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"சோத்து இலைக்கு முன்னால," என்றார் அந்த அம்மாள். "சீக்கு ஒண்ணும் கிடையாது. காலையில பூச்செடிக்குத் தண்ணி ஊத்துன மனுசன்."

பெயர் ஆவுடையம்மாள் என்று சொன்னார். பிறகு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி, மூச்சு விடாமல் சொன்னார்.

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக. பொரையேறிட்டு. நான் தலையில தட்டி, 'யாரோ நினைக்காக'ன்னு சொன்னேன். நிமிந்து என்னையப் பாத்தாக. அப்படியே இலை மேல சாஞ்சுட்டாக. அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டு ஒரு தரம் எச்சில் விழுங்கினார்.

புரையேறினால் உச்சந்தலையில் தட்டி அப்படிச் சொல்லாத வீடு நம் பக்கத்தில் உண்டா? எங்கோ இருக்கிறவர் நினைத்தால் இங்கே இருக்கிறவருக்குப் புரையேறும். இதற்கு மேல் அதில் யாரும் கேள்வி கேட்டதில்லை. சொல்வோம், சிரிப்போம், தண்ணீர் கொடுப்போம். சோறு உள்ளே போய்விடும்.

அவருக்குப் போகவில்லை.

நான் ஆறுதல் சொல்லப் புறப்பட்டேன். சீடன் அல்லவா, சும்மா இருக்க முடியுமா?

"முதுகுல தட்டியிருந்தா பொழைச்சிருப்பாரோன்னு நினைச்சு மனசைப் போட்டு..."

"அதெல்லாம் டாக்டரு சொல்லிட்டாரு. நெஞ்சு நின்னுட்டாம். தலையில தட்டினாலும் ஒண்ணுதான், முதுகுல தட்டினாலும் ஒண்ணுதானாம். அதையா கேட்டேன் நான்?"

"பின்னே?"

"கடைசியா அவுக காதுல விழுந்த பேச்சு என் பேச்சு. யாரோ நினைக்காகன்னு சொல்லி அனுப்பி வச்சிருக்கேன். யாருமே நினைக்கலன்னா? பொய்யச் சொல்லியில்லா அனுப்பியிருக்கேன்! அது பொய்யாப் போயிரக் கூடாதுய்யா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"எல்லாரையும் நினைக்கிறவன் ஒருத்தன் இருக்கானே," என்றேன் கையை மேலே காட்டி. "ஈசன் நினைச்சிருப்பான்."

"ஈசன் நினைச்சதாலதான் போனாக. அந்த நினைப்ப நான் கேக்கல."

வடிவம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"யார் யார் கிட்டக்கா கேட்டீக?"

அப்போதுதான் ஆவுடையம்மாள் செருப்பைக் கழற்றினார். ஆனாலும் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முதல்ல மகன்கிட்ட. சிங்கப்பூர்ல இருக்கான். ஏலேய், அந்த நேரத்துல அப்பாவ நினைச்சியான்னு கேட்டேன். இல்லம்மா, வேலையில இருந்தேன்னான். சொல்லிட்டு ஓன்னு அழுதான். சரி, அவன் இல்ல."

"அடுத்து?"

"நாத்தினா. அவகிட்ட கேட்டா, எங்கண்ணன நான் முழுங்கிட்டேன்னா சொல்ல வாரேன்னு தெருவுல நின்னு மண்ண வாரித் தூத்துதா. நினைச்சேன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. இதுல தூத்துறதுக்கு என்ன இருக்கு?"

"அவங்களுக்குப் பயமா இருக்கும்ல," என்றேன். "நினைச்சேன்னு சொன்னா, நீதான் கொன்னேன்னு ஆயிருமே."

"நான் அப்படியா கேட்டேன்?"

"இல்ல. அவங்க காதுல அப்படித்தான் விழும்."

அதை அவர் கேட்டதாகவே தெரியவில்லை.

"சுடலையாண்டின்னு டிரைவரு. இவுக கூடவே ஓட்டுனவரு. அன்னைக்கு ரெண்டு பேருக்கும் லீவு. அவரு தூங்கிட்டாராம். கனவுலயாவது வந்தாகளான்னு கேட்டேன். இல்ல மதினி, கனவும் வரலன்னாரு. பொய் சொல்லத் தெரியாத மனுசன். அப்புறம் டீக்கடை. அப்புறம் டிப்போ. அப்புறம் எதுத்த வீடு, பக்கத்து வீடு. இப்ப நான் தெருவுல இறங்கினாலே கதவச் சாத்துதாக. 'அந்தா வாரா, நினைச்சியான்னு கேக்கப் போறா'ன்னு சொல்லுதாக. பைத்தியம்னும் சொல்லுதாக. சொல்லட்டும்."

"அதுக்கப்புறம்?"

"சொந்தபந்தம் முடிஞ்சு போச்சு. இப்ப பஸ்ஸுல ஏறுனவுகளக் கேக்கேன். எத்தனை பேருக்கு விசில் அடிச்சு வண்டிய நிறுத்தியிருக்காக. எத்தனை பிள்ளைகளத் தூக்கி ஏத்தி விட்டிருக்காக. ஒருத்தருக்காவது அந்த நேரம் நினைப்பு வராமலா போயிரும்? ஒவ்வொரு ஸ்டாப்பா இறங்கிக் கேட்டுக்கிட்டே வாரேன்."

தூணை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதான் கடைசி ஸ்டாப்பு."

அந்த முகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு முடிந்த பிறகு, பானையைச் சாய்த்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரிப் பார்த்தார்.

"நீங்க நினைச்சீகளா சாமி?"

நான் நினைக்கவில்லை. அதுதான் உண்மை. அவர் செத்ததே எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆமா," என்றேன். "நான் நினைச்சேன்."

"என்ன நினைச்சீக?"

"என்னன்னா... அவரு... நல்ல மனுசர்னு."

"எப்ப?"

"மத்தியானம்தான்."

"என்ன கிழமை?"

முழித்தேன்.

"போங்க சாமி," என்றார். "ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யா சாட்சி?"

காவி கட்டியவனுக்கு இதைவிட ஒரு அடி வேண்டுமா? தலையைக் குனிந்துகொண்டேன். பொய் சொன்னதைவிட, அன்றைக்கு நிஜமாகவே அந்த மனிதரை ஒரு நொடி நினைத்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்கு அழுகை வந்தது.

"நீங்கம்மா?" என்று வடிவம்மாவிடம் திரும்பினார்.

"இல்லக்கா. நான் நினைக்கல."

ஆவுடையம்மாள் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"அப்ப ஒருத்தருமே இல்லையா," என்றார். "இந்த லோகத்துல ஒருத்தருக்குக்கூட..."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார்.

வடிவம்மா முறத்தை ஓரமாக வைத்தார்.

"அன்னைக்கு இலையில என்னக்கா இருந்தது?"

"என்னது?"

"என்ன சமைச்சீக?"

"சொதி."

"சொதியா!" என்று நான் வாயைத் திறந்தேன்.

திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சொதி என்றால் தேங்காய்ப்பால் குழம்பு. கல்யாணம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்து அது. தேங்காயைத் திருகி, அரைத்து, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து, காய் நறுக்கி, பருப்பு வேகவைத்து, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் அரைத்து... இடுப்பு ஒடிந்துவிடும். சும்மா ஒரு மத்தியானத்துக்கு அதை யாரும் வைக்கமாட்டார்கள்.

"நாளைக்கு வந்து இங்கன அத வைங்களேன்," என்றார் வடிவம்மா.

ஆவுடையம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் என்ன கேட்டு வந்தேன், நீங்க என்ன கேக்கீக? மடத்துக்கு நாக்கு நமநமங்குதோ?"

"ஆமாக்கா."

"அந்தச் சட்டியத் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன். என் கையால அடுப்புப் பத்த வைக்கறதே இல்ல. ஓட்டல் இட்லியத் தின்னுட்டுக் கிடக்கேன். எங்கிட்ட வந்து சொதி வைன்னு சொல்லுதீகளே, நீங்கெல்லாம் ஒரு சாமியா?"

செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா இது? புருசனப் பறிகொடுத்துட்டு வந்து நிக்காங்க. யாராவது நினைச்சாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க ஞானம் குறைஞ்சா போயிரும்?"

"நீங்கதான் சொல்லிப் பாத்தீகளே அண்ணாச்சி."

"எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க சொன்னா நம்பியிருப்பாங்க."

"அதான் சொல்லல."

"பின்னே சொதி எதுக்கு?"

வடிவம்மா மறுபடியும் முறத்தை எடுத்தார்.

"உங்களுக்குத் தேங்கா திருகத் தெரியுமா?" என்று கேட்டார்.

மறுநாள் ஆவுடையம்மாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அமாவாசை போயிற்று, பௌர்ணமி போயிற்று. இனி எங்கே வரப்போகிறார் என்று இருந்தேன். பஸ் வந்து திரும்பும்போதெல்லாம் மட்டும் வாசலுக்குப் போய் நிற்பேன். அந்தப் புதுக் கண்டக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார்.

ஒருநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். இரண்டு கையிலும் பை. ஒன்றில் தேங்காய், இன்னொன்றில் முருங்கைக்காய் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"என் வீட்டு அடுப்புல வைக்கலாம்னு பாத்தேன்," என்றார் யாரையும் பார்க்காமல். "தீக்குச்சியக் கிழிக்க முடியல. இங்கன முடியுதான்னு பாப்போம்."

முடிந்தது. ஆனால் தீயை நான்தான் பற்றவைத்தேன்.

அதற்குப் பிறகு அந்த அடுப்படி அவருடையதாகிவிட்டது. நாற்பது வருஷத்துச் சமையல்காரி முன்னால் சீடனாவது குருவாவது. இரண்டு பேரையும் பிடித்து உட்காரவைத்து வேலை வாங்கினார்.

"ஓட்டு வரைக்கும் திருகாதீகய்யா. கறுப்பு விழுந்தா பால் நிறம் செத்துரும். இத்தனை வயசுக்கு ஒரு தேங்கா திருகத் தெரியல, இதுல ஞானம் வேற."

கோமதிநாயகம் பேசுவது போலவே இருந்தது. ஒரே வீட்டு வாய்.

நான் பச்சை மிளகாயைக் கீற எடுத்தேன். பாய்ந்து வந்து பிடுங்கினார்.

"கீறாதீக!"

"கீறினாத்தானே காரம் இறங்கும்?"

"இறங்கக் கூடாது. அவுகளுக்கு வயித்துப்புண்ணு. பஸ்ஸுல நேரங்கெட்ட நேரத்துல தின்னு தின்னு வந்தது. முழுசாப் போட்டு வாசனைய மட்டும் இறக்கிட்டு, மிளகாய எடுத்து எறிஞ்சிரணும்."

இது மடம், இங்கே யாருக்கும் வயிற்றுப்புண் இல்லை என்று சொல்ல வந்தேன். வடிவம்மா என்னைப் பார்த்தார். மிளகாயை முழுசாகவே போட்டோம்.

முருங்கைக்காயைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் நார் உரித்தார். பல் இடுக்கில் மாட்டுகிறது என்பாராம் கோமதிநாயகம். துவையலுக்குப் புளியைக் கிள்ளி வைத்தவர், பாதியைத் திருப்பி எடுத்துவிட்டார்.

வடிவம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு என்னக்கா விசேஷம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா இம்புட்டுப் பாடு?"

"வீம்பு," என்றார் ஆவுடையம்மாள். கரண்டியால் பருப்பை ஒரு தட்டுத் தட்டினார். "வீம்பு, வேற என்ன? நாங்க பேச்சில்லாம இருந்தோம்."

"எதுக்கு?"

"சொன்னா சிரிப்பீக."

"சிரிக்கல."

"அவுக தங்கச்சி மக கல்யாணம். மறுநாள் பந்தியில சொதி. இத்தனை பேர் உக்காந்திருக்காக. 'எங்கம்மா வச்சாத்தான் சொதி, ஆவுடை வைக்கறது தேங்காத் தண்ணி'ன்னுட்டாக. பந்தியே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், வேற என்ன செய்ய? வீட்டுக்கு வந்து வாய மூடினவதான்."

"அவர் சமாதானம் பண்ணலையா?" என்றேன்.

"பண்ணினாக, பண்ணினாக. சுவத்தப் பாத்து, 'இங்க ஒருத்தருக்குத் தலைவலி, ஒரு காபி கிடைச்சாத் தேவல'ம்பாக. நான் காபியப் போட்டுச் சுவத்துக்கு முன்னால வச்சுட்டு வந்துருவேன்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். உடனே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு லீவுன்னு வீட்டுல இருந்தாக. வச்சுக் காட்டுதேன் பாருன்னு விடிஞ்சதும் விடியாததுமா தேங்காய உடைச்சேன். ஆத்திரம்னா அம்புட்டு ஆத்திரம். உடைச்ச உடையில ஒரு மூடி வாசல் முத்தத்துல போய் விழுந்துது. 'பூகம்பமோ'ன்னு சுவத்தக் கேட்டாக. நான் திரும்பியே பாக்கல. அரைச்சேன், பிழிஞ்சேன். எலுமிச்சம்பழம் மட்டும் கடைசியிலதான் பிழியணும், அடுப்ப விட்டு இறக்கி. முன்னாலேயே பிழிஞ்சா கசந்துரும். குளிச்சுட்டு வந்து அவுக துண்ட உதறுத சத்தம் கேக்கும். அது கேட்ட பிறகுதான் பிழிஞ்சேன்."

குழம்பு கொதி வருவதற்கு முன்னால் இறக்கினார். கொதித்தால் திரிந்துவிடுமாம்.

இலை போட்டார். எனக்கும் வடிவம்மாவுக்கும்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. இந்த வடிவம்மா சாப்பிடும்போது வேண்டுமென்றே புரையேறினது போல் இருமப்போகிறார், அந்த அம்மாள் தட்டப்போகிறார், அதில் ஏதோ ஞானம் பிறக்கப்போகிறது என்று நினைத்தேன். குருமார்கள் அப்படி ஏதாவது வித்தை வைத்திருப்பார்கள் அல்லவா? தண்ணீர்ச் செம்பைக்கூடப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சோறு விழுந்தது. சொதி விழுந்தது. நான் ஒரு வாய் வைத்தேன்.

தேங்காய்த் தண்ணியாம்! அந்த மனிதருக்கு நாக்கிலே கொழுப்பு. அப்படி ஒரு சொதியை நான் அதற்கு முன்னாலும் தின்றதில்லை, பின்னாலும் தின்றதில்லை.

"நல்லா இருக்கும்மா," என்றேன். "சத்தியமா நல்லா இருக்கு. அன்னைக்கு அவர் என்ன சொன்னார்?"

கேட்டிருக்கக் கூடாது.

"எங்க சொன்னாக?" என்றார் ஆவுடையம்மாள். கரண்டி கையிலேயே இருந்தது. "முதல் உருண்டைய வாயில வச்சாக. நான் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். இப்பச் சொல்லுவாக, இப்பச் சொல்லுவாகன்னு. கண்ண லேசா மூடுனாக. ரெண்டாவது உருண்டைய எடுத்தாக. ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரிதான் இருந்துது. பொரையேறிட்டு."

நான் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தேன்.

"பேசமாட்டேன்னு இருந்த எனக்கு வாய் வந்துட்டு. தலையில தட்டி, யாரோ நினைக்காகன்னு சொன்னேன்."

எச்சில் விழுங்கினார்.

வடிவம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். இன்னும் வாயில் வைக்கவில்லை.

"அக்கா, அன்னைக்குச் சொன்னத முழுசாச் சொல்லுங்க."

"சொல்லிட்டேனே. யாரோ நினைக்காகன்னு."

"முழுசா."

"அம்புட்டுத்தான்."

வடிவம்மா காத்திருந்தார். நானாக இருந்தால் எதையாவது பேசிக் கெடுத்திருப்பேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

ஆவுடையம்மாள் கரண்டியைச் சட்டிக்குள் போட்டார்.

"கோவம் தீரலம்மா," என்றார். "தட்டும்போதுகூட உள்ள கோவம் இருந்துது. சும்மா கேலிக்குத்தான். 'யாரோ நினைக்காக. சத்தியமா நான் இல்ல'ன்னேன்."

குரல் தேய்ந்துவிட்டது.

"அதுக்குத்தான் நிமிந்து பாத்தாக."

இத்தனை பேரிடம் கேட்டவர், ஒருவரிடமும் அந்த இரண்டாவது பேச்சைச் சொல்லவில்லை. மகனிடம்கூடச் சொல்லியிருக்கமாட்டார்.

"அன்னைக்குக் காலையில தேங்கா உடைக்கும்போது யார நினைச்சீகக்கா?" என்று கேட்டார் வடிவம்மா.

"நான் யாரையும் நினைக்கல. கோவத்துல இருந்தேன்."

"யார் மேல?"

"யார் மேல இருப்பேன்? அவுக மேலதான்."

"மிளகாயக் கீறாமப் போட்டீகளே."

"அது கைப்பழக்கம்."

"துண்ட உதறுத சத்தத்துக்குக் காத்துக்கிட்டு இருந்தது?"

ஆவுடையம்மாள் சட்டியை மூடப் போனார்.

"மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன்னு சொன்னீகளே, அப்ப?"

"இதென்ன கேள்வி?" என்று சீறினார். "எங்கயோ இருக்கிறவகளத்தான் நினைப்பாக. எதுத்தாப்புல உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கிற ஆள யாராவது நினைப்பா..."

முடிக்கவில்லை.

வாய் திறந்தபடியே நின்றார். சுவரைப் பிடித்தார். மெதுவாக எங்கள் இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"நான்தான்," என்றார்.

வடிவம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"நான்தாம்மா. ஊரெல்லாம் போய்க் கேட்டேனே. விடிஞ்சதுலேர்ந்து அந்த ஒரு மனுசனத் தவிர வேற எதையும் நினைக்காம இருந்தவ நான்தான். அவுக கிட்டயே இல்லன்னு சத்தியம் பண்ணி அனுப்பிட்டேனே."